பாம்பு கடித்தாலும் பூச்சிமருந்து பட்டாலும் நரம்பில் நடப்பது என்ன?

குண்டலுபேட்டை என்றால் நம்மவர்களுக்கு ஊட்டி பஸ்தான் ஞாபகத்துக்கு வரும். மைசூரில் ஏறி, நஞ்சன்கூடு தாண்டி, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால் குண்டலுபேட்டை. அங்கே சாலை பிரிகிறது. ஒன்று பந்திப்பூர் காட்டு வழியாக ஊட்டிக்கு. இன்னொன்று வயநாடு வழியாகக் கோழிக்கோட்டுக்கு. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த இந்தத் தாலுகா, 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் உண்டானபோது அதில் சேர்ந்தது. மழைக்காலத்தில் சாலையின் இருபுறமும் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் பூத்துக் கிடக்கும். வண்டியை நிறுத்திப் படம் எடுக்காமல் போகிறவர்கள் குறைவு.

அந்த வயல்களில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கோ இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று காலடியில் இருக்கும் பாம்பு. மற்றொன்று முதுகில் தொங்கும் மருந்து டேங்க். பார்வைக்கு இவை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்று பல்லில் வரும் விஷம். மற்றது டப்பாவில் வரும் விஷம். ஆனால் நல்ல பாம்பின் விஷமும், கட்டு விரியனின் விஷமும், மானோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்தும் உடம்புக்குள் போய்ப் பாய்கிற இடம் ஒன்றேதான்!

நரம்பு முடிந்து தசை தொடங்குகிற இடம் அது. அங்கே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி. நாம் மூச்சு விடுவதும், சோறு விழுங்குவதும், கண் இமைப்பதும் அந்த இடைவெளியை நம்பித்தான். அதைப் புரிந்துகொண்டால், ஆபத்து வேளையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

உடம்பில் ஓடும் தந்தி

முதுகெலும்பு உள்ள எல்லாப் பிராணிகளுக்கும் நரம்பு அமைப்பு ஒரே மாதிரியானது. மீன், தவளை, பாம்பு, கோழி, பசு, மனிதன் என்று எதை எடுத்துக்கொண்டாலும் மண்டை ஓட்டுக்குள் மூளை. முதுகெலும்புக்குள் பத்திரமாகத் தண்டுவடம். அவற்றிலிருந்து உடம்பெங்கும் கிளை பிரிந்து ஓடும் நரம்புகள். மூளையின் அளவுதான் பிராணிக்குப் பிராணி வேறுபடும். அடிப்படை ஏற்பாடு ஒன்றே. தவளையின் உடம்பில் கற்றுக்கொண்டது மனிதனின் வைத்தியத்துக்குப் பயன்படுவது இதனால்தான்.

இந்த அமைப்பின் செங்கல், நரம்பு செல். மனித மூளையில் மட்டும் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு செல்லுக்கும் செய்தி வாங்கும் கிளைகள் பல. செய்தி அனுப்பும் நீண்ட இழை ஒன்று. சில இழைகள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் இடுப்புப் பக்கம் தண்டுவடத்தில் தொடங்கிக் கால் விரல் வரை ஓடும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம்! கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு செல்லின் இழை அவ்வளவு தூரம் போகிறது.

சூடான தோசைக்கல்லில் கை பட்டால் என்ன ஆகிறது? "சுடுகிறது" என்று மனதில் படுவதற்கு முன்பே கை பின்னால் வந்துவிடுகிறது. மூளைக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் தண்டுவடமே "கையை எடு" என்று உத்தரவு போட்டுவிடுகிறது. மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திராமல் அவசரக் காரியத்தை முடித்துவிட்டுப் பிறகு பைலை மேலே அனுப்பும் நல்ல குமாஸ்தாவைப் போல!

உப்பில் பிறக்கும் மின்சாரம்

நரம்பில் ஓடுவது மின்சாரம்தான். ஆனால் அது வீட்டுக் கம்பியில் ஓடுவதைப் போன்றது அல்ல. உப்பினால் உண்டாகும் மின்சாரம் அது.

நரம்பு செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம். நாம் சோற்றில் போடும் உப்பில் இருக்கிற அதே சோடியம்தான். இந்த ஏற்றத்தாழ்வால், சும்மா இருக்கும்போதே செல்லின் சுவருக்கு உள்ளும் புறமும் சுமார் 70 மில்லி வோல்ட் வித்தியாசம் இருக்கிறது. டார்ச் லைட் செல்லின் ஒன்றரை வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு.

செல்லின் சுவரில் மிகச் சிறிய கதவுகள் உண்டு. தூண்டுதல் வந்ததும் ஓரிடத்தில் கதவு திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது. மின் நிலை மாறுகிறது. அந்த மாற்றம் பக்கத்துக் கதவைத் திறக்கிறது. அது அதற்கடுத்த கதவை. தீபாவளிச் சரவெடியில் ஒரு வெடி அடுத்ததைப் பற்றவைப்பது போல, செய்தி இழை நெடுக ஓடுகிறது. சரவெடி ஒருமுறை வெடித்தால் தீர்ந்தது. நரம்போ ஓரிரு மில்லி செகண்டில் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த செய்திக்குத் தயாராகிவிடுகிறது.

பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள், கணவாய் மீனின் தடித்த நரம்பு இழையை வைத்து இந்தக் கணக்கை 1952-ல் வெளியிட்டார்கள். 1963-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லா நரம்புகளுக்கும் ஒரே வேகம் இல்லை. சில இழைகளுக்குக் கொழுப்பு உறை உண்டு. அந்த உறையில் விட்டுவிட்டு இருக்கும் இடைவெளிகளில் மட்டும் செய்தி தாவித் தாவிப் போகும். எக்ஸ்பிரஸ் பஸ் பெரிய ஊர்களில் மட்டும் நிற்பது போல. இப்படிப்பட்ட நரம்பில் செய்தி செகண்டுக்கு 120 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. உறை இல்லாத மெல்லிய இழைகளிலோ செகண்டுக்கு ஒரு மீட்டர்தான். மனிதன் நடக்கிற வேகம். காலில் கல் இடித்தால் முதலில் சுரீர் என்று ஒரு வலி, சற்றுப் பொறுத்து விண் விண் என்று இன்னொரு வலி வருகிறதல்லவா? முதல் வலி உறை போட்ட நரம்பில் வந்தது. இரண்டாவது உறை இல்லாத நரம்பில் மெதுவாக வந்தது.

இரண்டு தவளை இதயங்கள்

மின்சாரம் நரம்பின் நுனிக்கு வந்து சேர்ந்தாயிற்று. அப்புறம்? அங்கேதான் அந்த இடைவெளி. நரம்பு தசையைத் தொடுவதில்லை. செய்தி எப்படித் தாண்டுகிறது?

இதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரியாவில் இருந்த ஆட்டோ லோவி. உயிரோடு துடிக்கும் இரண்டு தவளை இதயங்களை அவர் தனித்தனிப் பாத்திரங்களில் வைத்தார். முதல் இதயத்துக்குப் போகும் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு குறைந்தது. பிறகு அந்தப் பாத்திரத்தில் இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதன் நரம்பை யாரும் தொடவில்லை. ஆனாலும் அதன் துடிப்பும் குறைந்தது!

அப்படியானால் நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைக் கக்குகிறது. செய்தி அந்த ரசாயனத்தில் இருக்கிறது. 1921-ல் அவர் வெளியிட்ட இந்தச் சோதனையின் யோசனை தூக்கத்தில் கனவாக வந்தது என்று லோவி பிற்காலத்தில் சொன்னார். அந்த ரசாயனம்தான் அசிட்டைல் கோலின். ஹென்றி டேல் என்பவரோடு சேர்த்து அவருக்கு 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தசைகளை அசைக்கும் நரம்பிலும் நடப்பது இதுவே. மின்செய்தி நுனிக்கு வந்ததும் அங்கே சின்னச் சின்னப் பைகளில் இருக்கும் அசிட்டைல் கோலின் இடைவெளியில் கொட்டுகிறது. எதிர்ப்புறம் தசையில் பூட்டுகள் இருக்கின்றன. அசிட்டைல் கோலின் என்ற சாவி அந்தப் பூட்டில் பொருந்தினால் தசை சுருங்கும். சாவி அங்கேயே இருந்துவிட்டால் தசைக்கு ஓய்வே இராது. ஆகவே கோலினெஸ்டரேஸ் என்ற ஒரு என்சைம் துடைப்பக்காரன் மாதிரி அங்கேயே நின்று, வந்த சாவிகளை ஒரு மில்லி செகண்ட் அளவில் உடைத்துப் பெருக்கித் தள்ளிவிடுகிறது.

சாவி, பூட்டு, துடைப்பம். இந்த மூன்றில் எது கெட்டாலும் மூச்சு நிற்கும். ஏனென்றால் மூச்சை இழுப்பதும் தசைகளே.

பூட்டை அடைக்கும் நல்ல பாம்பு

கன்னடத்தில் நாகர ஹாவு எனப்படும் நல்ல பாம்பின் விஷம், தசையில் இருக்கும் பூட்டுத் துவாரத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. சாவி வருகிறது, நுழைய இடமில்லை. முதலில் கண் இமை தொங்கும். பிறகு பேச்சு குழறும்; எச்சில் விழுங்க முடியாது; கழுத்து நிற்காது; கடைசியில் மூச்சு வாங்க முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், கடிபட்டவர் அசையாமல் கிடந்தாலும் பல வேளைகளில் அவருக்கு நினைவு இருக்கும். பக்கத்தில் பேசுவது காதில் விழும். "ஆள் முடிந்தது" என்று அவர் எதிரில் சொல்லிவிடாதீர்கள்.

சாவியைத் தீர்க்கும் கட்டு விரியன்

கன்னடத்தில் கட்டு ஹாவு என்று சொல்லப்படும் கட்டு விரியன் வேறு விதம். அதன் விஷம் பெரும்பாலும் நரம்பு நுனியையே தாக்கிச் சாவிப் பைகளைக் காலி செய்து, நுனியைப் பாழாக்கிவிடுகிறது. இது இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களையே அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இராது. பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார்கள். பிறகு இமை தொங்கும். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து.

கட்டடச் சைட்டிலும் தோட்டத்து ஷெட்டிலும் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் நம்மவர்களில் ஏராளம். ஒரு கட்டிலும், ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் செருகிய ஒரு கொசுவலையும் கட்டு விரியனிடமிருந்து பெரும் பாதுகாப்பு.

பாம்புக்கடி விஷமுறிவு மருந்து, ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும். ஆனால் கட்டு விரியன் ஏற்கெனவே பாழாக்கிய நரம்பு நுனியை அந்த மருந்தால் சரிசெய்ய முடியாது. நுனி புதிதாக முளைக்க நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு விடவேண்டும். மருந்து சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இந்த மருந்தின் கதையில் நமக்குப் பெருமையும் உண்டு. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளிலிருந்து மருந்து தயாரிக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரிப்பவர்களில் முக்கியமானவர்கள், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் பாம்புக்கடியைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டிய நோயாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடும் அவ்வாறே அறிவித்தது.

துடைப்பத்தைக் கட்டிப்போடும் பூச்சிமருந்து

பூச்சிக்கு முதுகெலும்பு இல்லை. ஆனால் அதன் நரம்பிலும் இதே அசிட்டைல் கோலின்தான் செய்தி சொல்கிறது. அங்கும் இதே துடைப்பக்காரன்தான். பாஸ்பரஸ் கலந்த ஒரு வகைப் பூச்சிமருந்துகள் அந்தத் துடைப்பக்காரனின் கையைக் கட்டிப்போடுகின்றன. பூச்சி துடித்துச் சாகிறது. மனித உடம்பில் போனாலும் அதுவேதான் நடக்கும். பூச்சியின் துடைப்பம், மனிதனின் துடைப்பம் என்று இந்த விஷம் பார்ப்பதில்லை. யுத்தத்தில் கொல்வதற்கென்று செய்த நரம்பு விஷ வாயுக்களும் இதே குடும்பம். டபுன் என்ற அந்த வாயுவை 1936-ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் கண்டது, பூச்சிமருந்து தேடிய ஆராய்ச்சியில்தான்!

குண்டலுபேட்டை இருக்கும் அதே சாமராஜநகர் மாவட்டத்தில், ஹனூர் பக்கம் சுள்வாடி கிராமத்து மாரம்மா கோயிலில் 2018 டிசம்பர் 14-ம் தேதி நடந்ததை மறக்க முடியுமா? பிரசாதம் சாப்பிட்டவர்களில் 17 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் படுக்கையில் விழுந்தார்கள். பிரசாதத்தில் இருந்தது மானோகுரோட்டோபாஸ் என்று பரிசோதனையில் தெரிந்தது. கோயில் நிர்வாகத் தகராறில் வேண்டுமென்றே கலக்கப்பட்டது என்று போலீசார் வழக்குத் தொடர்ந்தனர். பலருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டு, மைசூரின் பல ஆஸ்பத்திரிகளில் பிரித்துச் சேர்த்தார்கள்.

2013 ஜூலை 16-ல் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்ததற்கும் இதே மருந்துதான் காரணம். அங்கே அது சமையல் எண்ணெய் வழியாகச் சாப்பாட்டில் சேர்ந்தது.

துடைப்பம் நின்றால் சாவிகள் குவிகின்றன. கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கும். எச்சில், கண்ணீர், வியர்வை ஆறாகப் பெருகும். வாந்தி, பேதி, நெஞ்சில் சளி. தசைகள் புழு நெளிவது போலத் துடித்து, பிறகு சோர்ந்துவிடும். மூச்சு அடைக்கும்.

இன்னொரு முக்கியமான சேதி. முதல் நாள் பிழைத்தவருக்கு, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் திடீரெனத் தளர்வது உண்டு. இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்கள் இலங்கை டாக்டர்களான சேனநாயகாவும் கரல்லியத்தையும்; ஆண்டு 1987. "நேற்றே எழுந்து உட்கார்ந்துவிட்டான், கூலி போகிறது" என்று டாக்டர் சொல்வதற்கு முன் ஆளை வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள்.

விஷத்துக்கு விஷமே மருந்து

இடைவெளியின் கணக்கு தெரிந்ததால்தான் மருந்தும் கிடைத்தது. பூச்சிமருந்து விஷத்துக்கு அட்ரோபின் ஊசி போடுகிறார்கள். அது எச்சில், சளி பெருக்கும் இடங்களில் உள்ள பூட்டுகளை மூடி நெஞ்சைக் காக்கிறது. பாம் என்று டாக்டர்கள் சொல்லும் இன்னொரு மருந்து, கட்டுண்ட துடைப்பக்காரனை அவிழ்த்துவிடப் பார்க்கும். ஆனால் நேரம் ஆக ஆக முடிச்சு இறுகிவிடும், அப்புறம் அவிழாது.

நல்ல பாம்பு கடிக்கு நியோஸ்டிக்மின் என்ற ஊசி உண்டு. அது என்ன செய்கிறது தெரியுமா? பூச்சிமருந்து செய்யும் அதே வேலையைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செய்கிறது! துடைப்பத்தை நிறுத்தி வைத்தால் சாவிகள் கூடும். கூடிய சாவிகள் பாம்பு விஷத்தோடு போட்டியிட்டுப் பூட்டைத் திறக்கும். ஒருவனைக் கொல்வது அளவோடு கொடுத்தால் இன்னொருவனைக் காக்கிறது. அந்த அளவு டாக்டருக்குத்தான் தெரியும். ஊமத்தையில் அட்ரோபின் இனத்து விஷம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு யாரும் அதை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

பாம்பு கடித்தால்: மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கை கால் அசையாதபடி, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலச் சட்டம் வைத்துத் தளரக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது. ஆளை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். பாம்பைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். மந்திரிப்பதற்கும் பச்சிலைக்கும் செலவாகும் ஒவ்வொரு நிமிஷமும் நரம்பு நுனிக்கு நஷ்டம். 108-க்குப் போன் செய்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்த அடையாளம் தெரியாவிட்டாலும் ஒரு நாள் முழுதும் டாக்டர் கண்காணிப்பில் இருப்பது நல்லது.

பூச்சிமருந்து பட்டால்: துணியைக் களையுங்கள். சோப்புப் போட்டு, தலைமயிர், நகக்கண் உட்பட நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் உறை இருக்கட்டும். தோல் வழியாகவும் இது உள்ளே போகும். குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையோ அதன் லேபிளையோ ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

தெளிக்கும்போது: காற்றுக்கு எதிரே நின்று அடிக்க வேண்டாம். பீடியும் வெற்றிலையும் கை கழுவிய பிறகு. டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் அடுத்தது, பிறகு நீலம், பச்சை. காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ வைக்காதீர்கள். மருந்தைச் சாராய பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தமிழில் நாம் அதை "மருந்து" என்கிறோம். கன்னடத்தில் "ஔஷதி" என்கிறார்கள். பெயரில் ஏமாந்து போகக்கூடாது.

மொழி தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் திகைக்க வேண்டாம். பாம்பு கடித்துவிட்டது என்பதற்கு "ஹாவு கச்சிதெ". விஷம் வயிற்றுக்குள் போய்விட்டது என்பதற்கு "விஷ ஹொட்டெகெ ஹோகிதெ". மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு "உசிராடோக்கெ கஷ்ட ஆக்திதெ". இந்த மூன்றையும் சொல்லத் தெரிந்தால் போதும். மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

புதிதாக ஊரிலிருந்து வந்து ஷெட்டில் தங்கும் பையன்களுக்கும், எழுதப் படிக்கத் தெரியாத கூலியாட்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.